மலைவீட்டு மண்சுவர்: வெடித்தால், உதிர்ந்தால், ஓதம் ஏறினால்

ஐப்பசி அடைமழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், மண்சுவர் வேலை பார்க்கும் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் என்று மேல்மலையிலிருந்து பாதி, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று கீழ்மலையிலிருந்து பாதி. ஆள்தான் மாறுவார், கேள்வி அதே ஏழெட்டுதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் சுவரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு பிடிக்கும் காரணம் கடைசியில். வரிசையாகப் பாருங்கள். முதல் காரணத்தைப் பார்க்காமலே கடைசிக் காரணத்துக்குத் தாவி லட்சக்கணக்கில் செலவழித்தவர்கள் இங்கே உண்டு.

இது பழனி மலையின் செம்மண்ணில், கருங்கல் கடைக்கால் மேல் மிதித்த மண்ணாலோ சுடாத பச்சை மண்கல்லாலோ எழுப்பிய சுவருக்கு மட்டும். கீழே சமவெளிக் கரிசலுக்குப் பொருந்தாது. கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் பிளக்கும். மலைச் செம்மண் அந்த அளவுக்கு ஊதாது. ஆகவே சுவர் வெடித்ததும் "மண்ணே அப்படித்தான்" என்று மண்மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். பத்தில் எட்டு வீட்டில் குற்றவாளி தண்ணீர். அது எந்த வழியாக வந்தது, ஏன் வெளியே போகவில்லை என்பதுதான் கேள்வி.

கையில் வேண்டியவை: தூக்குக்குண்டு, பேனாக்கத்தி, மூடியுள்ள கண்ணாடி பாட்டில், ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாள், ஒட்டும் டேப், பென்சில், பலகையில் அடித்த 2 அடி நீளப் பெட்டி ஒன்று. பெட்டியின் அகலமும் ஆழமும் ஒன்றரை அங்குலம்.

எதைச் செய்யும் முன்பும்: மண் எங்கே எடுத்தது?

சாலைக்கு மேட்டை வெட்டிய இடத்தில் நின்று பாருங்கள். மேலே ஓரிரு அடி கருமண். அதற்குக் கீழே சிவப்பும் மஞ்சளும். அதற்கும் கீழே சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த மண். அடியில் பாறை போலவே வரி தெரியும், ஆனால் கையால் பிட்டால் பொடியும். எல்லாம் ஒரே பாறை நின்ற இடத்திலேயே மக்கி உண்டானதுதான். சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் இந்த வகைப் பாறை என்பதால் வந்த பெயர். நம் ஊர்ப் பாறைக்கு அங்கே போய்ப் பெயர் வாங்கியிருக்கிறோம், போகட்டும்.

சுவருக்கும் பூச்சுக்கும் நடுவில் இருக்கும் சிவப்பு, மஞ்சள் மண்தான் வேண்டும். கருமண்ணில் இலைமக்கு அதிகம், காய்ந்தால் பிடிப்பு இருக்காது. முகர்ந்து பார்த்தால் சோலைக்குள் நிற்கிற வாசனை வரும், அதை ஒதுக்கிவிடுங்கள். அடியில் உள்ள வெள்ளைமண் மேலே மெழுக அழகாக இருக்கும், சுவருக்கு உடம்பாக நிற்காது.

இன்னொன்று முக்கியம். பாட்டில் சோதனையில் மலைமண் பொய் சொல்லும். மண்ணைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் அடியில் தடிமனாக மணல் தங்கியது போலத் தெரியும். சென்னையிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் அதைப் பார்த்து "முக்கால்வாசி மணல்தான் இருக்கு" என்று ஒரு சட்டி மணல்கூடச் சேர்க்காமல் பூசினார். 10 நாளில் பூச்சு முழுவதும் ஆமை ஓடாக வெடித்தது. அதே மண்ணை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் விரலால் நன்றாக நசுக்கிவிட்டுத் திரும்பக் குலுக்கிக் காட்டினேன். மணல் ஒரு விரற்கடைதான் தங்கியது. மீதி எல்லாம் களிமண் குருணை. இரும்புச் சத்து களியைக் குருணையாகக் கட்டி வைத்திருக்கும். கரையாத வரைக்கும் மணல் போல நடிக்கும்.

தகரக் கொட்டகையில் வெயிலில் வறண்டு கிடந்த மண்ணிலும் இதே வம்பு. ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் பழைய பசை முழுசாகத் திரும்பி வராது. தோண்டிய மண்ணைச் சாக்குப் போட்டு ஈரமாகவே வையுங்கள். குறைந்தது 3 நாள் ஊறவிட்டு, தினமும் ஒரு தடவை மிதியுங்கள்.

அறிகுறி: பூச்சில் வலை பின்னியது போல மயிரிழை வெடிப்பு

வெடிப்பில் நகம் நுழைகிறதா பாருங்கள். நுழையவில்லை என்றால் சுவருக்கு ஒன்றுமில்லை, மேல்பூச்சு மட்டும்தான்.

வேகமாகக் காய்ந்ததா? பங்குனிக் காற்றில் கிழக்குச் சுவருக்கு இது சகஜம். இன்னும் முழுசாக இறுகவில்லை என்றால் தண்ணீர் தெளித்துக் கட்டையால் தேய்த்தால் மூடிக்கொள்ளும். அடுத்த சுவருக்கு ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள்.

ஒரே தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் அப்பினார்களா? அப்படியானால் வெடிப்பு பெரிய கட்டம் கட்டமாக இருக்கும். சுரண்டிவிட்டு இரண்டு தடவையாகப் பூச வேண்டியதுதான்.

களி அதிகமா? இதற்குத்தான் பெட்டி. உள்ளே எண்ணெய் தடவி, பூச்சுக்குக் குழைத்த மண்ணைச் சந்து விடாமல் அடைத்து, நிழலில் காயவிடுங்கள். முழுசாகக் காய்ந்ததும் துண்டுகளை ஒரு பக்கமாகத் தள்ளி, மறுபக்கம் விழும் இடைவெளியை அளங்கள். அரை அங்குலத்துக்குள் என்றால் சரி. அதற்கு மேலே போனால் மணல் வேண்டும். நான் இரண்டு சட்டி மண்ணுக்கு ஒரு சட்டி மணலில் ஆரம்பித்து, இடைவெளி குறையும்வரை கூட்டிக்கொண்டே போவேன். கூடவே விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோல். மணலுக்கு எம்-சாண்ட் போட்டால் பாறைத்தூளைச் சலித்து எடுத்துவிடுங்கள், அந்தத் தூளும் வெடிக்க வைக்கும்.

உறைபனியா? மன்னவனூர்ப் பக்கம் மார்கழி, தை ராத்திரிகளில் புல்வெளி வெளுக்கும் அல்லவா, அந்தப் பனி ஈரப் பூச்சையும் விடாது. உள்ளிருக்கும் தண்ணீர் உறைந்து பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தூக்கிவிடும். மாசி பிறந்தபின் பூசுங்கள். இதற்கெல்லாம் ஆள் கூப்பிட வேண்டாம், நீங்களே செய்யலாம்.

அறிகுறி: கை பட்டால் மாவாக உதிர்கிறது

உள்ளங்கையால் ஐந்து தடவை தேயுங்கள். கை லேசாகச் சிவந்தால் பழைய சுவரின் இயல்பு, மெழுகி வருஷக்கணக்கு ஆகியிருக்கும். சலித்த செம்மண்ணும் சாணியும் கரைத்து மெழுகினால் சரியாகிவிடும்.

கையில் குருணையாக வந்தால் மண் சரியாக ஊறவில்லை. கருப்பாகத் தூள் வந்தால் கருமண் கலந்துவிட்டது. இரண்டுக்கும் மேல்மெழுகு நிற்காது. பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்ல மண்ணில் பூச வேண்டும்.

பேனாக்கத்தியைச் சுவரின் உடம்பில் வைத்து அழுத்துங்கள். பலம் போடாமலே ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் பூச்சுப் பிரச்சினை தாண்டிவிட்டது. மண்வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுங்கள். 'மண்வேலை தெரிந்த' என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

அறிகுறி: அடிச்சுவரில் ஓதம், முழ உயரத்துக்கு அரிப்பு

எனக்கு வரும் போனில் பாதி இதற்குத்தான்.

முதலில் கூரைத் தண்ணீர். மழை கொட்டும்போது குடை பிடித்து வெளியே நில்லுங்கள். தகரத்திலிருந்து விழும் தண்ணீர் தரையில் மோதி எந்த உயரத்துக்குச் சுவரில் தெறிக்கிறது? அரிப்பும் அதே உயரத்தில் நின்றால் வேறு காரணம் தேடவே வேண்டாம். தண்ணீர் விழும் கோட்டில் சரளை கொட்டுங்கள், தெறிப்பு பாதியாகக் குறையும். முடிந்தால் தகர வாரி மாட்டுங்கள், அல்லது கூரையை 2 அடியாவது வெளியே இழுங்கள்.

அடுத்து முற்றம். தாத்தா காலத்தில் கருங்கல் கட்டு தரைக்கு மேலே ஒன்றரை அடி தெரிந்திருக்கும். பெருக்கிக் கூட்டிய மண், மேலே சிமெண்ட் தளம், அதற்கு மேல் டைல்ஸ் என்று ஏறி ஏறி இப்போது மண்சுவரே தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சுவரோரம் ஓர் அடி தோண்டிப் பாருங்கள். கல் எங்கே ஆரம்பிக்கிறது? தரைமட்டத்துக்குக் கீழே என்றால் முற்றத்தைத் தாழ்த்துவதே வைத்தியம். டைல்ஸ் போட்டவருக்கு மனசு வராது. வேறு வழி இல்லை.

மூன்றாவது, பின்பக்கச் சந்து. மலைவீட்டில் பெரும்பாலும் மேட்டை வெட்டித்தான் இடம் பண்ணியிருப்போம். பின்சுவருக்கும் வெட்டிய மேட்டுக்கும் நடுவே இரண்டடி சந்து இருக்கும். பூம்பாறையில் ஒரு பாட்டி வீடு. "தம்பி, மழை பெய்யும்போது சுவரு நல்லாத்தான் இருக்கு, மழை விட்டதும் தண்ணி உள்ள வருது" என்றார். பின்னால் போனால் சந்து முழுக்க விறகும், பழைய பூண்டுத் தாளும், அதன்மேல் சவுக்குக் கொப்பும். எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டதும் அடியில் அழகாகக் கல் பாவிய வாய்க்கால் தெரிந்தது. மாமனார் கட்டியதாம், பாட்டிக்கே மறந்துபோயிருந்தது. வாய்க்காலைக் கழுவிவிட்டு, ஓத விளிம்பில் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதி வைத்தேன். 15 நாளில் ஈரம் அந்தக் கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. இரண்டு ஆளுக்கு அரைநாள் கூலி, அவ்வளவுதான் செலவு. நீங்களும் முதலில் கோடு போடுங்கள். ஈரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாமல் எதைச் செய்தாலும் குருட்டு வைத்தியம்தான்.

நான்காவது, குழாய். குளியலறை ஒட்டிய சுவர் மட்டும் நனைந்தால் ராத்திரி தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயையும் வீட்டுக்குள் திறக்கும் குழாய்களையும் மூடிவிட்டு, காலையில் தொட்டியில் மட்டம் இறங்கியதா என்று பாருங்கள்.

கடைசி, ஊற்று. மழை விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத் தரைக்கு அடியிலிருந்து ஈரம் கிளம்பி, தை வரைக்கும் நிற்காமல் இருந்தால் அது ஊற்றுக் கசிவு. மேட்டுப் பக்கம் கடைக்காலுக்கும் கீழ்வரை பள்ளம் வெட்டி, கல் நிரப்பி, சரிவாக வெளியே எடுத்துவிட வேண்டும். இதை நீங்களே வெட்டாதீர்கள். ஈரத்தில் ஊறிய சுவருக்குப் பக்கத்தில் நீளமாகப் பள்ளம் எடுத்தால் சுவர் பள்ளத்துக்குள் வரும். பொறியாளர் பார்த்து, நாலடி நாலடியாகத் துண்டு போட்டு வெட்ட வேண்டிய வேலை.

அரிப்பு சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றிருந்தாலும் அதே பேச்சுதான். முதலில் கூரைக்கு முட்டு, அப்புறம் மற்றது.

அறிகுறி: சிமெண்ட் பூச்சைத் தட்டினால் பொத்பொத்தென்று ஒலிக்கிறது

விரல் முட்டியால் ஓர் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே வெறுமையாக ஒலிக்கிற இடத்தை பென்சிலால் வளைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே காரணம் வரிசைப்படுத்த ஒன்றுமில்லை. மண்சுவர்மேல் சிமெண்ட் பூசியதுதான் காரணம். மண்சுவர் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் கக்கும். சிமெண்ட் அதைக் கக்க விடாது. பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு பூண்டு வயலில் களையெடுத்துப் பாருங்கள், மழை படாமலே முதுகு நனையும்.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். தொழில் கற்ற புதிதில் எங்கள் வீட்டு மேற்குச் சுவருக்குக் கோழிவலை அடித்து, சிமெண்ட் பூசி, பெருமையாக ஊருக்கே காட்டினேன். நாலாவது வருஷம் கதவளவு பாளம் ஒன்று வலையோடு கழன்று விழுந்தது. பின்னால் சுவர் இட்லி மாவு பதத்தில் இருந்தது, கை வைத்தால் மணிக்கட்டு வரை போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மண்வெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

செய்ய வேண்டியது: மழைக்காலத்தில் கை வைக்காதீர்கள். மாசியில் அடியிலிருந்து 2 அடி உயரத்துக்கு மட்டும் சிமெண்டை வெட்டி எடுங்கள். சுத்தியலால் ஓங்கி அடிக்காமல் உளியால் விளிம்பு விளிம்பாக. ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள். மிச்சத்தை அடுத்த வருஷம் எடுக்கலாம். காய்ந்தபின் செம்மண், மணல், வைக்கோல் பூச்சு. மழைச்சாரல் அடிக்கும் முகத்துக்கு மட்டும் மேலே சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பு இறுகக் காற்று வேண்டும், கொஞ்சம் ஈரமும் வேண்டும், அவசரம் ஆகாது. மூடுபனிக் குளிரில் இன்னும் மெதுவாக இறுகும், ஆகவே வைகாசிக்குள் முடித்துவிடுங்கள். பாளத்துக்குப் பின்னால் சுவர் குழைந்திருந்தால் எடுப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு ஆள் கூப்பிடுங்கள். சில வீட்டில் அந்தச் சிமெண்ட் தோல்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அறிகுறி: மழையே இல்லை, உள்சுவர் மட்டும் காலையில் நனைந்திருக்கிறது

சுவர் ஒழுகுகிறது என்று ரசாயனப் பூச்சு விற்பவர் வந்து நிற்பதற்குள் இதைச் செய்யுங்கள். பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, 2 நாள் விடுங்கள். அறைப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அது வீட்டுக்குள்ளிருந்த ஆவி: அடுப்பு, வெந்நீர், உள்ளே காயப்போட்ட துணி, சாத்திய ஜன்னல். கூரைக்குக் கீழே கைப்பிடி அகலத்துக்கு ஒரு காற்றுவழி விட்டால் தீர்ந்தது. தாளுக்குப் பின்னால் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, ஓதத் தலைப்புக்குப் போங்கள். எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவரானால் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

அறிகுறி: வெள்ளைப் பூ பூக்கிறது

உப்பு. காய்ந்த தூரிகையால் தட்டி, தாளில் ஏந்தி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் திரும்ப உள்ளே போய்விடும். எங்கிருந்து வந்தது? மாட்டுக்கொட்டகை ஒட்டிய சுவரா, உர மூட்டை சாய்த்து வைத்த சுவரா? மேல்மலையில் பெரும்பாலும் இரண்டாவதுதான். மாடு ஒரே இடத்தைப் போய்ப் போய் நக்கினால் அங்கே உப்பு இருக்கிறது, தனியாகச் சோதனை வேண்டாம்.

அறிகுறி: மூலையில் சாய்வான வெடிப்பு, கதவு இறுகுகிறது

இதில் விளையாட்டு வேண்டாம்.

வெடிப்பு பழையதா புதியதா? உள்ளே சிலந்தி வலையும் தூசியும் இருந்தால் பழையது. மண் பளிச்சென்று இருந்தால் புதியது. வெடிப்பின் குறுக்கே மூன்று இடத்தில் சுண்ணாம்பைப் பட்டையாகத் தடவி, தேதி எழுதுங்கள். காய்ந்த பட்டை ஒரு மழை தாண்டியும் முழுசாக இருந்தால் சுவர் நகரவில்லை, வெடிப்பில் மண் திணித்து மூடிவிடலாம். பட்டை அறுந்தால் நகர்கிறது.

நகர்ந்தால் எளிய காரணத்திலிருந்து வாருங்கள். ஜன்னல் மூலையில் மட்டும் என்றால் மேலே உள்ள மரம் உளுத்திருக்கலாம், கத்தியால் குத்திப் பாருங்கள். கூரையை ஓட்டிலிருந்து காங்கிரீட்டுக்கு மாற்றினீர்களா? பழைய சுவர் அந்தப் பாரத்துக்குக் கட்டியதல்ல. வீட்டின் பள்ளத்துப் பாதி மட்டும் இறங்குகிறதா? மலைவீட்டுக்கே உரிய நோய் இது. மேட்டுப் பக்கம் வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி இடத்தைச் சமப்படுத்தியிருப்பார்கள். வீட்டில் பாதி அசல் நிலத்தில் நிற்கும், பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். நடுவில் மேலிருந்து கீழாக, மேலே அகலமாக வெடிக்கும். தூக்குக்குண்டைக் கூரை விளிம்பிலிருந்து விட்டு, மேலும் கீழும் சுவருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால், அல்லது மாதத்துக்கு மாதம் கூடினால், கட்டுமானப் பொறியாளர். கொத்தனார் போதாது. நானும் போதாது.

வீட்டுக்கு மேலேயோ கீழேயோ நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு, மரம் சாய்ந்திருப்பது, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்கி வருவது: இதில் எதைப் பார்த்தாலும் சுவரை மறந்துவிடுங்கள். அன்றைக்கே வீட்டை விட்டு வெளியேறி 1077க்கு போன் செய்யுங்கள். அது மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை. நீலகிரியில் 2009 நவம்பர் மழையில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். சந்து அகலமாகட்டும் என்று மேட்டின் அடியை இன்னும் செதுக்குகிறவர்களும் அதை நினைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: துளை, சுரங்கம், உரசல்

சுண்டுவிரல் அளவுத் துளைகள் வெயில் படும் சுவரில் மட்டும் என்றால் குளவியும் தேனீயும். துளையில் களியை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள். மண்குழாய் போல மேலேறினால் கரையான், சுவரைத் தின்னாது, கூரை மரத்துக்குப் போகிற வழி அது. மரத்தைத் தட்டிப் பாருங்கள். அடியில் வளை என்றால் எலி, உடைந்த கண்ணாடி கலந்த சாந்தால் அடையுங்கள்.

ஆள் தோள் உயரத்தில் மூலை மட்டும் மழுங்கி, அதில் கருப்பு மயிர் ஒட்டியிருந்தால் காட்டுமாடு. ராத்திரி முதுகு சொறிந்துவிட்டுப் போகிறது. அந்த மூலைக்கு எத்தனை தடவை பூசினாலும் திரும்ப வரும், அதற்கும் அந்த இடம் பிடித்துப்போயிருக்கும். இரண்டடி தள்ளி ஒரு முரட்டுக் கருங்கல்லை நட்டுவிடுங்கள். கவுஞ்சியில் ஒரு வீட்டில் நட்டுப் பார்த்தோம். இப்போது கல்லில்தான் மயிர் ஒட்டியிருக்கிறது.